தாய்லாந்து கிராமத்தில் மூன்று அறை விருந்தினர் இல்லம்: காசு சுவரில் போவதில்லை

லேய் மாகாணத்தில், சியாங் கானிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் மனைவியின் ஊர். மாமியார் வசம் ஒரு ரை நிலம், அதாவது 1,600 சதுர மீட்டர். கையில் 8 லட்சம் பாட். விருந்தினர் தங்க மூன்று அறை கட்ட வேண்டும், மண்சுவரா, மூங்கிலா, ஹாலோ பிளாக்கா, எது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சுவரைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்தப் பணத்துக்குள் வேலை முடியுமா, முடிந்தது பத்து மழைக்காலம் தாங்குமா என்பதைத்தான். அப்படியென்றால் சுவரிலிருந்து தொடங்கக் கூடாது. சின்னக் கட்டடத்தில் சுவர் தின்னும் காசு கொஞ்சம்தான். மண்ணுக்குள் போவது, தலைக்கு மேல் போவது, குழாயிலும் ஒயரிலும் போவது, இவைதான் பட்ஜெட்டை உடைப்பவை.

நான் சிவில் படித்தவன். வடகிழக்குத் தாய்லாந்தில், அவர்கள் ஈசான் என்று சொல்லும் பகுதியில், 11 வருடம் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை மேற்பார்த்திருக்கிறேன். கட்டுமானம் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதை, நில அலுவலக பெஞ்சில் பல நாள் உட்கார்ந்தவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த ஊர் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். விலைகள் கடைக்குக் கடை மாறும். உங்கள் நிலத்து மண்ணை நான் பார்த்ததில்லை.

முதலில் காகிதம். வெளிநாட்டவருக்குத் தாய்லாந்தில் நிலம் சொந்தமாகாது. 1954-ஆம் ஆண்டு நிலச் சட்டம் அப்படி. ஆனால் நிலத்தின் மேல் நிற்கும் கட்டடம் உங்கள் பெயரில் இருக்கலாம். மாமியாரிடம் நிலப் பத்திரத்தை வாங்கி அதன் தலையில் இருக்கும் கருடனைப் பாருங்கள். சிவப்புக் கருடன் என்றால் சனோட், முழு உரிமைப் பத்திரம். பச்சை என்றால் நோர் சோர் சாம் கோர். கருப்பு என்றால் நோர் சோர் சாம். இரண்டும் அடுத்த படிகள், இவற்றிலும் வேலை நடக்கும். நீலக் கருடன் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது சோர் போர் கோர், நிலச் சீர்திருத்தத்தில் விவசாயத்துக்கென்று கொடுத்த நிலம். விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும், விவசாயம் தவிர வேறு தொழிலுக்கு ஆகாது. ஈசானில் இது ஏராளம். 2024 முதல் இதை 'விவசாயத்துக்கான சனோட்' என்று மாற்றிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சனோட் என்ற பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அதுவும் விவசாய நிலம்தான். வெறும் வரி ரசீதைக் காட்டி "இதுதான் பத்திரம்" என்பவர்களும் உண்டு.

பத்திரம் சரியாக இருந்தால், மாமியாரிடமிருந்து ஒரு உரிமையை நில அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு வழிகள். ஒன்று குத்தகை: மூன்று வருடத்துக்கு மேல் என்றால் பதிந்தே ஆக வேண்டும், உச்சவரம்பு 30 வருடம். இன்னொன்று, அடுத்தவர் நிலத்தின் மேல் கட்டடம் வைத்துக்கொள்ளும் உரிமை. 'சித்தி நூய பூன் தின்' என்று கேட்டால் அதிகாரிக்குப் புரியும். இதை ஆயுள் வரைக்கும்கூட எழுதலாம். உங்கள் விஷயத்தில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். நிலம் மாமியாருடையது என்பது இங்கே நல்லதாகப் போயிற்று. கணவன் மனைவிக்குள் எழுதிய ஒப்பந்தத்தை மணவாழ்வு நீடிக்கும் காலத்தில் இருவரில் யாரும் ரத்து செய்யலாம் என்று அந்நாட்டு சிவில் சட்டத்தின் 1469-ஆம் பிரிவு சொல்கிறது. மாமியாருடன் போடும் ஒப்பந்தத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. கட்டட அனுமதியை உங்கள் பெயரில் வாங்குங்கள், கடை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கட்டடம் யாருடையது என்ற பேச்சு வந்தால் சாட்சி அவைதான்.

விருந்தினரைத் தங்க வைப்பதற்கு 2004-ஆம் ஆண்டு ஓட்டல் சட்டம் பொருந்தும். ஆனால் 8 அறைக்கும் 30 விருந்தினருக்கும் மேல் போகாத, துணை வருமானத்துக்கான சின்ன இடத்துக்கு ஓட்டல் உரிமம் வேண்டாம். பதிவாளருக்குத் தெரிவித்தால் போதும். 2023 வரை இந்த எல்லை 4 அறை, 20 பேர் என்று இருந்தது. மூன்று அறை எப்படிப் பார்த்தாலும் உள்ளேதான் வருகிறது. அதற்காகத் தெரிவிக்காமல் இருந்துவிடாதீர்கள், அம்பே அலுவலகத்தில், அதாவது வட்டார அரசு அலுவலகத்தில், போய்க் கேளுங்கள். தங்குபவர் வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். தோர் மோர் 30 படிவம், இணையத்திலேயே அனுப்பலாம். தொழிலை மனைவி பெயரில் நடத்துங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு உள்ள தொழில்களின் பட்டியலில் ஓட்டலும் சாப்பாட்டு வியாபாரமும் இருக்கின்றன. மனைவியின் இடம்தானே என்று நீங்கள் காபி போட்டுக் கொடுத்தாலும் அது வேலைதான், வேலை அனுமதி கேட்பார்கள்.

இனி என் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறேன். ஈசானில் வீடு கட்டுபவர்கள் முதலில் செய்வது நிலத்தில் மண் கொட்டி ரோடு மட்டத்துக்கு மேலே தூக்குவது. லாரி லாரியாக மண் வரும், பணம் போகும், கட்டடம் என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. கொட்டிய மண் ஒரு மழைக்காலமாவது நனைந்து அமர வேண்டும். இந்த விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். இரண்டாவது வருடம், ஒரு மீட்டர் உயரம் பிப்ரவரியில் மண் கொட்டிய இடத்தில் ஏப்ரலிலேயே வேலையை ஆரம்பிக்கச் சம்மதித்துவிட்டேன். தூண்களைப் பழைய மண் வரைக்கும் இறக்கியிருந்ததால் வீடு அசையவில்லை. ஆனால் தாழ்வாரத் தளத்தை மண் மேலேயே போட்டிருந்தோம். ஜூலையில் அது நாலு விரல் இறங்கி, வீட்டை விட்டுப் பிரிந்து வாய் பிளந்து நின்றது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிளவில் செடி நட்டு வைத்துவிட்டார்.

அதனால் என் யோசனை: மண்ணே கொட்டாதீர்கள். தரையை நிலத்திலிருந்து 70, 80 சென்டிமீட்டர் தூக்கி, பீம் மேல் முன்வார்ப்புப் பலகை அடுக்குங்கள். கிராமத்துச் சாமான் கடைகளிலேயே கிடைக்கும். 35 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம், கேட்ட நீளத்துக்குத் தருவார்கள். அடுக்கி, நடுவில் முட்டுக் கொடுத்து, கம்பி வலை விரித்து, மேலே 5 சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டால் தளம் தயார். சென்டரிங் பலகைச் செலவு பெரும்பாலும் மிச்சம். அடியில் காற்று போகும், கரையான் ஏறினால் கண்ணில் படும், குழாய் ஒழுகினால் குனிந்து பார்க்கலாம். பாத்ரூம் தளத்துக்கு மட்டும் பலகை வேண்டாம். குழாய்த் துளைகளும் கசிவும் உள்ள இடம், அங்கேயே வார்த்துவிடுங்கள். ஈசானின் பழைய மர வீடுகள் தூண் மேல் நிற்பதற்கும் இதே காரணங்கள்தான். நாம் அதைக் கான்கிரீட்டில் செய்கிறோம், அவ்வளவே.

நம்மூர்க் கிராமத்தில் செங்கல் சுவரே கூரையைத் தாங்கும். அங்கே அப்படியில்லை: தூணும் பீமும் தாங்கும், சுவர் வெறும் அடைப்பு. அதனால் தூண்களின் இடைவெளியை முதலில் முடிவு செய்யுங்கள். இரும்பு பாக்ஸ் பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும். ஆகவே 3 மீட்டர் இடைவெளி வைத்தால் பைப் பாதியாக வெட்டுப்படும், துண்டு வீணாகாது. ஓர் அறைக்கு 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம்: முன்னால் 4 மீட்டர் படுக்கையறை, பின்னால் 2 மீட்டர் பாத்ரூம். மூன்றையும் ஒட்டி வைத்தால் 9-க்கு 6, முன்னால் ஒன்றரை மீட்டர் தாழ்வாரம். பாத்ரூம்கள் எல்லாம் பின்வரிசையில் வருவதால் ஒரே கழிவுக் குழாய், ஒரே தண்ணீர்க் குழாய். மூன்று தனித்தனிக் குடில்கள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் மூன்று கூரை, பன்னிரண்டு வெளிச்சுவர், மூன்று இடத்துக்குக் குழாய். உங்கள் பணத்துக்கு அது வேண்டாம். வரைபடத்துக்கும் காசு கொடுக்க அவசரப்பட வேண்டாம். அந்நாட்டுப் பொதுப்பணி, நகரமைப்புத் துறை சின்ன வீடுகளின் வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. எதை ஏற்பார்கள் என்று ஊர் ஓர் போர் தோர் அலுவலகத்தில் (நம் ஊராட்சி அலுவலகம் போன்றது) கேட்டுவிட்டு அதையே திருத்திக்கொள்ளலாம்.

கம்பி வாங்கும்போது ஒரு சூட்சுமம். கடைகளில் 'லெக் தெம்' என்றும் 'லெக் பாவ்' என்றும் இரண்டு உண்டு. முன்னது முழு எடைக் கம்பி. பின்னது பெயரளவில் அதே அளவு, எடையில் குறைவு. விலைப் பட்டியலில் இரண்டும் '12 மில்லி' என்றே இருக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும், 10 மீட்டர் கம்பி ஏறக்குறைய 8.9 கிலோ. தராசைக் கேட்டு ஒன்றை நிறுத்துப் பாருங்கள். ஒரு தடவை நிறுத்தால் போதும், அடுத்த லோடு ஒழுங்காக வரும். சிமெண்டிலும் இதே கதை. பூச்சுக்கும் கட்டுக்கும் ஆன கலப்பு சிமெண்ட் மூட்டை மலிவு. தூணுக்கும் பீமுக்கும் ஆனது போர்ட்லாண்ட். கிராமத்துக் கொத்தனார்கள் மிச்சமிருக்கும் கலப்பு மூட்டையைத் தூணில் கொட்டிவிடுவார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, கைக்கு எட்டியது அது. தூண் வார்க்கும் நாளில் நீங்களோ மனைவியோ அங்கே இருங்கள்.

இப்போது சுவர். மண் வீட்டை அங்கே 'பான் தின்' என்பார்கள். யசோதோனில் பிறந்து, சியாங் மாய் அருகே மே தேங்கில் புன் புன் பண்ணையை 2003-இல் தொடங்கிய ஜோன் ஜண்டாயால் அது நாடெங்கும் பரவியது. களிமண்ணும் உமியும் தண்ணீரும் சேர்த்துக் காலால் மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் காய வைத்த கல். பொருளுக்குக் காசு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் உழைப்பு பெரிது. பத்துப் பேர் ஒரு கோடையில் சேர்ந்து மிதித்தால் மலிவு, கூலிக்கு ஆள் பிடித்தால் மலிவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். தடித்த மண்சுவர் பகலில் குளிர்ச்சி, அதே வெப்பத்தை ராத்திரி அறைக்குள் விடும். விருந்தினர் பகலில் ஊர் சுற்றுகிறார், ராத்திரிதான் தூங்க வருகிறார். மார்ச், ஏப்ரலில் இது தெரியும். தூக்கிய தளத்தின் மேல் அந்தக் கனத்தை ஏற்றவும் முடியாது. மூங்கில் இரண்டு மூன்று வருடத்தில் உளுத்து மாவு கொட்டும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்தால் தாங்கும். தாழ்வாரத் தட்டிக்கும் அலங்காரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோ பிளாக் எல்லாவற்றிலும் மலிவு, அடுப்பு மாதிரி சூடேறும். நான் போடுவது ஏஏசி பிளாக், உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள இலகு கான்கிரீட் கல், அவர்கள் 'இட் முவான் பாவ்' என்பது, 7.5 சென்டிமீட்டர் கனம். எடை குறைவு, அதனால் பீமும் அடித்தளமும் சின்னதாகும். வெப்பமும் லேசில் உள்ளே வராது. இதற்கென்று தனிக் கலவையும் தனிப் பூச்சும் உண்டு. சாதாரணப் பூச்சை அடித்தால் விரிசல் விடும். ஹாலோ பிளாக்குக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை மொத்தச் செலவோடு வைத்துப் பாருங்கள், தயங்க மாட்டீர்கள்.

சுவரில் மிச்சம் பிடிக்க நினைத்ததைக் கூரையில் கொட்டுங்கள். அடியில் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் ஒட்டிய உலோக ஷீட், ஒரே சரிவாக, தாழ்வாரம் வரை நீண்டு வரட்டும். தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை வைத்தால் இரண்டும் சேரும் இடம் என்றைக்காவது ஒழுகும். ஃபோம் இல்லாத ஷீட்டின் கீழ் மழை ராத்திரியில் பேச்சே கேட்காது. சீலிங்குக்கு மேலே கண்ணாடிப் பஞ்சு விரிப்பு, கூரை ஓரத்தில் பூச்சி வலையோடு காற்றுத் துளை. நாலு பக்கமும் ஒரு மீட்டர் வெளியே நீட்டுங்கள்.

கழிவுநீருக்கு நம் உறைக்கிணறு போலவே அங்கேயும் சிமெண்ட் உறைகளை இறக்குவார்கள். கோடையில் பிரமாதமாக வேலை செய்யும். செப்டம்பரில் நிலத்தடி நீர் மேலே வந்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது, விருந்தினர் ஃப்ளஷ் செய்ததும் எதிர்த்து வரும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். கைக்கு எட்டும் ஆழம் என்றால் உறை வேண்டாம். பிளாஸ்டிக் சுத்திகரிப்புத் தொட்டி வாங்கிக் கான்கிரீட் அடித்தளத்தோடு கட்டிப் போடுங்கள், கட்டாவிட்டால் படகு மாதிரி மேலே வந்துவிடும். ஊர்க் குழாயில் ஏப்ரலில் தண்ணீர் நூலாகத்தான் வரும், ஒரு தொட்டியும் மோட்டாரும் அவசியம். குழாய்க் கடையில் இன்ச் என்று கேட்காதீர்கள், ஹுன் என்று கேளுங்கள்: 4 ஹுன் என்றால் அரை இன்ச்.

லேய் குளிர் ஊர். உங்கள் விருந்தினர் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருவார்கள், வெந்நீர் கேட்பார்கள். உடனடி ஹீட்டர் ஒன்று 3,500 வாட். மூன்றும் காலை ஏழு மணிக்கு ஒன்றாக ஓடினால் 10,500 வாட், 220 வோல்ட்டில் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். வீடுகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் 15(45) மின் மீட்டரின் உச்சம் 45 ஆம்பியர். ஏசியைச் சேர்க்காத கணக்கு இது. அதனால் 30(100) மீட்டருக்கே விண்ணப்பியுங்கள். எர்த்திங் இல்லாமலும், கசிவு மின்சாரத்தை வெட்டும் பிரேக்கர் இல்லாமலும் ஹீட்டர் மாட்டவே கூடாது. கிராமத்தில் எர்த் கம்பியை இணைக்காமல் சுருட்டி வைத்துவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டு எண் கிடைத்த பிறகுதான் நிரந்தர மீட்டர். அதுவரை தற்காலிக மீட்டர், கட்டணம் கூடுதல். கடைசி மின்கம்பத்திலிருந்து நிலம் எவ்வளவு தூரம் என்று இன்றைக்கே நடந்து அளந்து பாருங்கள்.

வேலையை நவம்பரில் ஆரம்பித்து, சாங்க்ரானுக்குள், அதாவது ஏப்ரல் 13-க்குள் கூரை போட்டுவிட வேண்டும். ஆனால் நவம்பர் முழுக்க நெல் அறுவடை. 'சாங்' என்று நீங்கள் நம்பும் கொத்தனார் முதலில் தன் வயலுக்குத்தான் போவார். அட்வான்ஸ் கொடுத்தாலும் போவார். லேபர் கான்ட்ராக்ட்டாக விட்டுச் சாமானை நீங்களே வாங்குங்கள், பணத்தை வேலை முடிந்த கட்டத்துக்குக் கட்டம் கொடுங்கள். முதல் தூண் நடும் சடங்கைச் செலவு என்று வெட்டிவிடாதீர்கள். பிக்குவோ ஊர்ப் பெரியவரோ நேரம் குறித்துத் தருவார், பெரும்பாலும் விடியற்காலை. தூணில் வாழைக்கன்றும் கரும்பும் துணியும் கட்டி ஊரே கை கொடுத்துத் தூக்கும். அதன் பிறகு நிலத்துக் காவல் தெய்வத்துக்கு ஒரு சின்ன மாடம், பிர பூம். அந்தப் பூம் நம் பூமிதான். எனக்கு அந்தக் காலை நேரங்களில் கிடைத்த தகவல் எந்த மண் பரிசோதனையிலும் கிடைத்ததில்லை. "இந்த மூலையில் முன்பு குட்டை இருந்தது" என்று ஒரு பாட்டி சொல்வார், தூணை இரண்டு மீட்டர் தள்ளி வைப்போம்.

கடைசியாகக் கணக்கு. நான் சொன்ன அளவு தாழ்வாரத்தோடு 67.5 சதுர மீட்டர். இந்தத் தரத்துக்குச் சதுர மீட்டருக்கு 10,000 முதல் 15,000 பாட் வரை வைத்துக்கொள்வது என் வழக்கம். இது ஒரு உத்தேசம், ஊர்க் கடை விலையை வைத்துத் திருத்த வேண்டும். அப்படிப் பார்த்தால் 6.75 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரை. இதில் கழிவுத் தொட்டி, மீட்டர், கட்டில், மெத்தை, ஏசி எதுவும் சேரவில்லை. 8 லட்சத்தில் மூன்று அறையைத் தொடங்கினால் கூரை போடும்போது கை வறண்டு, பூச்சில்லாத சுவரோடு ஒரு வருடம் நிற்கும். அந்த மாதிரி நிற்கும் கட்டடங்களை ஈசான் ரோட்டோரம் எங்கும் பார்க்கலாம். இரண்டு அறை என்றால் 45 சதுர மீட்டர், 4.5 லட்சம் முதல் 6.75 லட்சம். மீதியில் மற்றதெல்லாம் அடங்கும், ஒரு குளிர்கால வருமானத்தையும் பார்த்துவிடலாம். மூன்றாவது அறைக்கான அடித்தளத்தை மட்டும் இப்போதே போட்டு, தூண் கம்பிகளை வெளியே விட்டு, சிமெண்ட் பால் தடவி, மேலே மெலிசான கான்கிரீட்டால் மூடி வையுங்கள். எந்தக் கம்பி எங்கே என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து வரும் கொத்தனார் வேறு ஆளாகத்தான் இருப்பார்.